என் பக்கம் திரும்பு

கடைக்காரர் நான்காவது பெட்டியைப் பிரித்தபோது, அவள் லாரிச் சாவியை விரலில் சுழற்றுவதை நிறுத்திவிட்டுக் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தாள்.

"இதுவும் வேண்டாம்" என்றான் அவள் கணவன்.

"சார், இன்னும் ஆன் பண்ணவே இல்லையே!"

"ஆன் பண்ணாமலே தெரியுது. மூஞ்சி சரியில்ல."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறை சொல்றீங்க. முதல்ல காட்டினது திரை சின்னதுன்னீங்க. அடுத்தது குரல் உங்க அத்தை குரல் மாதிரி இருக்குன்னீங்க."

"அத்தை குரல் கேட்டா அவளுக்கு ஆக்சிலேட்டர்ல கால் அழுந்திடும். ஓடிப் போகத் தோணும்."

"மூணாவதுக்கு என்ன குறை?"

"ரொம்ப மரியாதை. 'தயவுசெய்து திரும்பவும்'னு அது சொல்லி முடிக்கிறதுக்குள்ள வளைவு தாண்டிப் போயிடும்."

லாரி நிறுத்தும் யார்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூட மாட்டான். அவளுக்கு டாப்கியர். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். கல்யாணமான நாள் முதல் இருவரும் ஒரே கேபினில்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். ஓட்டுவது அவள். வலப்பக்க இருக்கையில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அவள், இடப்பக்க இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு அவன். எல்லாம் இந்த மாதம் வரைதான். பழைய முதலாளி வண்டிகளை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கேபினில் ஓட்டுநர் மட்டுமே ஏறலாம் என்பது புதிய கம்பெனியின் விதி. ரேடியோவுக்கு யார்டின் டயர் கடையில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு, ஜி.பி.எஸ் என்னும் வழிகாட்டிப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தால் இன்று மதியம் சோதனை ஓட்டம். மேற்பார்வையாளர் கூடவே உட்கார்ந்து வருவார். தேறினால் நெடுந்தூர வழி அவளுக்கு. தேறாவிட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் யார்டுக்குள்ளேயே வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். மதில் சுவருக்குள் அப்படி ஒரு வாரம் ஓட்டினால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. ஓட்டப்போறது நீங்கதானே?" கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "இது லாரிக்குன்னே செஞ்சது. வண்டியோட உயரம், நீளம், எடை எல்லாத்தையும் ஒரு தடவை போட்டுட்டா போதும். தாழ்வான பாலம், பாரம் தாங்காத பாலம், வளைக்க முடியாத தெரு, எதுலயும் உங்களை விடாது. போன்ல இருக்கிற மேப்பை நம்பினா, கார் போற சந்துல உங்க டிரெய்லரைக் கொண்டுபோய்ச் சொருகிடும். இந்தாங்க, கையில பிடிச்சுப் பாருங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். கடைக்காரர் மாதிரி ஓட்டத்தை அழுத்தினார்.

"இடது பக்கம் திரும்பவும்" என்றது பெட்டி.

அவள் தோள் வலப்பக்கம் சாய்ந்தது. கூடவே கையும் போயிற்று. ரேடியோ சட்டென்று இருமி, கடைக்காரருக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "இதுல பாட்டு கேட்கலாமா?" என்றான்.

விஷயம் இதுதான். அவளுக்கு இடது வலது தெரியாது. படிப்பாள், எழுதுவாள், டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டிக் கிடங்கு வாசலில் கச்சிதமாகப் பொருத்துவாள். ஆனால் 'இடது' என்று காதில் விழுந்தால் உள்ளே ஏதோ ஒன்று பம்பரம் மாதிரி சுற்றி, எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்கே தெரியாது. கையில் கயிறு கட்டிப் பார்த்தாள். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது இரண்டு கையும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்விடும். கயிறு எந்தக் கையில் என்று தேடுவதற்குள் சாலை கைவிட்டுப் போய்விடும். கல்யாணமான புதிதில், "இடது, இடது" என்று அவன் கத்தக் கத்த, எதிர்ப்பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கூட வாசலுக்குள் லாரியை நுழைத்துவிட்டாள். அன்றைக்கு அவன் திட்டவில்லை. தன் தொடையைத் தட்டி, "என் பக்கம் திரும்பு" என்றான். சரியாகத் திரும்பினாள். அன்று முதல் அவர்களுடைய லாரியில் இடதும் இல்லை, வலதும் இல்லை. என் பக்கம், உன் பக்கம். அவ்வளவுதான். அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதில் மட்டும் அவளுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? கம்பெனிக்குத் தெரிந்தால் சோதனையே நடக்காது. கடைக்காரரிடம் சொன்னால் மாலைக்குள் யார்டு முழுக்கச் சிரிக்கும்.

"குரலை அமுக்கிட்டுத் திரையை மட்டும் பார்த்து ஓட்ட முடியாதாங்க?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"கம்பெனி ஒத்துக்காதே அக்கா. நேத்து உங்க மேற்பார்வையாளரே போன் பண்ணி, குரல் இல்லாத மெஷினை நம்ம ஆளுங்களுக்கு விற்காதீங்கன்னார். யாரோ திரையைப் பார்த்துக்கிட்டே போய் விளக்குக் கம்பத்துல முட்டினாராம்."

சாவி மறுபடி சுழல ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள். ஒருவேளை பக்கத்துத் தெருவில் வேறு கடை இருந்தால்? இருந்தால் மட்டும் என்ன, அங்கேயும் இடது இடதுதானே!

"சரி, கடைசியா ஒண்ணு" என்று கடைக்காரர் அலமாரியின் அடித்தட்டில் இருந்து தூசி படிந்த பெட்டியை எடுத்தார். "இது கொஞ்சம் பழைய மாடல். மேப் எல்லாம் புதுசாப் போட்டுக்கலாம். இதுல என்ன விசேஷம்னா, குரலை நாமே பதிவு பண்ணிக்கலாம். சில பேர் குழந்தைகளை விட்டு 'அப்பா, மெதுவாப் போங்க'ன்னு..."

ரேடியோ அவர் கையில் இருந்து பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "எந்த வார்த்தை வேணா சொல்லலாமா?"

"திரையில ஒரு வாக்கியம் வரும். நீங்க அதைச் சொல்லணும்."

"அதையேதான் சொல்லணுமா?"

"நீங்க என்ன சொன்னா அதுக்கென்ன தெரியும்? கெட்ட வார்த்தை சொன்னாலும் அதைத்தான் திருப்பிச் சொல்லும்."

"இந்தப் பொண்ணு பிடிச்சிருக்கு. பேசி முடிச்சிடலாம்" என்றான் ரேடியோ.

யார்டுக்கு வந்ததும் முன் கண்ணாடியின் உட்புறத்தில், ஸ்டீயரிங்குக்கு நேராகப் பெட்டியை ஒட்டினார்கள். அவள் வண்டியின் அளவுகளைத் தட்டிவிட்டாள். வயர் குட்டையாக இருந்ததால் பெட்டியை நகர்த்த முடியவில்லை. எதிரே டயர் கழற்றும் சத்தம் காதைக் கிழித்தது.

"நீ போய்க் காத்தழுத்தம் பாரு. நான் கதவைச் சாத்திட்டுப் பேசி முடிச்சிடுறேன். நீ பக்கத்துல இருந்தா எனக்குச் சிரிப்பு வரும்."

"ஒழுங்காப் பேசுங்க. கதை அளக்காதீங்க."

"பொண்டாட்டிக்கு வழி சொல்றவன்கிட்ட வழி சொல்றியா?"

அவள் இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்த்தாள். பின் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். மறுபடி முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தாள். தூரத்தில் அலுவலகக் கதவு திறந்து மேற்பார்வையாளர் வெளியே வருவது தெரிந்தது. எப்போது பார்த்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார் என்பதால் யார்டில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். இப்போதும் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.

ரேடியோ கேபினிலிருந்து குதித்து இறங்கினான். முகம் முழுக்கச் சிரிப்பு. "முடிஞ்சுது. போய்ட்டு வா. நான் உள்ளேதான் இருக்கேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் கிளட்சுக்கு எட்டவில்லை. இருக்கை பின்னால் தள்ளியிருந்தது. எரிச்சலோடு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடிகாரம் மறுபக்கம் ஏறி, ரேடியோவின் இருக்கையில் முதுகு படாமல் உட்கார்ந்தார்.

"எங்கே போறோம்னு சொல்ல மாட்டேன். நான் போட்டுவிடுறேன். அது சொல்றபடி போங்க" என்று பெட்டியில் ஏதோ தட்டினார்.

வண்டி வாயிலைத் தாண்டியதும், "நேரா விடு தங்கம்" என்றது பெட்டி.

கடிகாரம் நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுக்காரர் குரல் சார். பழகின குரல்னா மனசு நிதானமா இருக்கும்னு..."

"தங்கம்னு எல்லாம் இருக்கா கம்பெனி வண்டியில?"

"எடுத்துடச் சொல்றேன் சார்."

முதல் நாற்சந்தி வந்தது. "உன் பக்கம் திரும்பு" என்றான் ரேடியோ பெட்டிக்குள்ளிருந்து. அவள் இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, தன் பக்கம் அகலமாக வளைத்தாள். டிரெய்லர் அழகாகப் பின்னால் வந்தது. அந்தக் குரல் உள்ளே போய்ப் பூட்டில் சாவி மாதிரி விழுந்ததில் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று.

"அடடா, வழி மாறிட்டே! பரவாயில்ல, வேற வழி பார்க்கலாம்" என்றான் ரேடியோ.

கடிகாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார்.

தப்பு எங்கே? சந்தியில் இரண்டு சாலைகள் இருந்தனவோ? சீக்கிரம் வளைத்துவிட்டேனோ? பின்னால் ஒரு பேருந்து முட்டிக்கொண்டு வந்தது. சாலை போகப் போகக் குறுகியது. அவள் பக்கம் வரிசையாகப் பட்டறைகள். மறுபக்கம் ஏதோ தொழிற்சாலையின் நீண்ட மதில், முடிவே இல்லாமல் கூடவே ஓடி வந்தது.

"என் பக்கம் திரும்பு" என்றான் ரேடியோ.

அவள் அவன் பக்கம் பார்த்தாள். கடிகாரத்தின் மூக்கைத் தாண்டி மதில். ஒரு கதவு இல்லை, ஒரு சந்து இல்லை.

"இப்பவே என் பக்கம் திரும்பு. இங்கேதான்."

அவள் பிரேக்கை மிதித்தாள். நான்கு பக்க விளக்கையும் மினுக்க விட்டாள். பேருந்துக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் கடிகாரம்.

சமையலில் உப்பு குறைந்தால்கூட ரேடியோ பொய்யாகப் பாராட்ட மாட்டான். வழி சொல்வதில் ஒருநாளும் அவளை ஏமாற்றியதில்லை. அவன் சொன்ன பக்கத்தில் சாலை இல்லை என்றால், அவன் சொன்ன பக்கம் அது இல்லை. அப்படியானால் அவன் பக்கம் எது?

எட்டாமல் போன கிளட்ச் ஞாபகம் வந்தது. பின்னால் தள்ளியிருந்த இருக்கை. குட்டை வயர்.

"பாவி மனுஷன்! என் சீட்ல உட்கார்ந்து பேசியிருக்கார்!"

"என்ன?"

"திரையில இடதுன்னு வந்திருக்கும். இவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார். சீட்டு காலியா இருந்திருக்கும். அவர் உட்கார்ந்திருக்கிற இடம் அவர் பக்கம், பக்கத்து சீட்டு என் பக்கம்னு ஆயிடுச்சு. எல்லாம் தலைகீழா இருக்கு சார். முதல் சந்தியிலேர்ந்தே."

"எனக்கு ஒரு மண்ணும் புரியல" என்றார் கடிகாரம். "இடது வலதுன்னு நேராச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எதுக்கு இந்தச் சுத்து?"

ஹாரன் இன்னும் நிற்கவில்லை. பொய் ஒன்றைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. மறைக்க வேண்டும் என்கிற தவிப்பே திடீரென்று அலுத்துப் போயிற்று.

"இடது வலது எனக்கு வராது சார்."

"வராதுன்னா?"

"காதுல விழுந்தா குழம்பிடும். சின்ன வயசுலேர்ந்தே. அவர் அங்கே உட்கார்ந்து என் பக்கம், உன் பக்கம்னு சொல்லுவார். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். ஒரு கீறல் இல்லாம ஓட்டினேன். ஆரம்பத்துல ஒரு பள்ளிக்கூட கேட்டைத் தவிர."

கடிகாரம் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மெல்ல உயர்த்தி அவளிடம் காட்டினார். முட்கள் நகராமல் நின்றிருந்தன.

"ஓடுறதில்ல. பேட்டரி போட்டு என்ன பண்ண? கடிகாரம் இருக்கிற கை இடது. அது தெரியுறதுக்குத்தான் கட்டியிருக்கேன்" என்றார். "யார்டுல யார்கிட்டயாவது சொன்னீங்க..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், நேரம் பார்க்கிறீங்கன்னு பயந்து எத்தனை பேர் வேகமா வேலை பார்க்கிறாங்க தெரியுமா?"

"அதுவும் ஒரு லாபம்தான்" என்றார் அவர், முகத்தை மாற்றாமல். "ஆனா நான் மேசையில உட்கார்ந்திருக்கேன். கையைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கு. உங்களுக்கு இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"இல்ல சார். அதனாலதான் அவரைக் கூட வெச்சிருந்தேன்."

"அவரை ஏத்த முடியாது. விதி விதிதான்." பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். "சோதனை இன்னும் முடியல. எடுங்க வண்டியை. அம்புக்குறியைப் பார்த்து நான் சொல்றேன். நீங்க ஓட்டுறதைப் பார்க்கிறேன்."

அவள் கியர் போட்டாள்.

"உங்க பக்கம்" என்றார் கடிகாரம், வாயில் கூழாங்கல்லை வைத்துக்கொண்டவர் மாதிரி. பட்டறைகளுக்கு நடுவே ஒரு சாலை திறந்தது. அவள் வளைத்தாள். அடுத்த முனையில், "என் பக்கம்." மூன்றாவது முனையில் அவரை அறியாமல் தொடையைத் தட்டினார். "என் பக்கம், என் பக்கம், இன்னும் கொஞ்சம் அகலமா எடுங்க... அப்படித்தான்!" கிடங்கு வாசலில் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தியபோது அவர் தன் கையை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அவரும் கவனித்திருக்க வேண்டும். சட்டைக் கையை இழுத்துக் கைக்கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

"ஓட்டுறதுல குறை இல்ல" என்றார் திரும்பும் வழியில். "ஆனா மெஷின் சரியில்லாம அனுப்ப மாட்டேன். மறுபடி பதிவு பண்ணுங்க. நானே உட்கார்ந்து ஒவ்வொண்ணாச் சரி பார்ப்பேன். ஒண்ணு தப்பா இருந்தாலும் வண்டியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். சாயங்காலத்துக்குள்ள லோடு கிளம்பணும்."

ரேடியோ வாயிலிலேயே நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் டயர் கறுப்பு. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கே உட்கார்ந்து பேசினீங்க?" என்றாள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

"ஏன்? உன் சீட்லதான். வயர் எட்டலையே..." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். ஆள்காட்டி விரலால் காற்றில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுட்டினான். பிறகு இரண்டு கறுப்புக் கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ! எங்கே போய் முட்டினே?"

"முட்டல. முட்டியிருந்தா இப்படிப் பேசிக்கிட்டிருப்பேனா? ஏறுங்க. உங்க சீட்ல ஏறுங்க."

அவன் கடிகாரத்தைத் தயக்கத்தோடு பார்த்தான். "கேபின்ல நான் ஏறக் கூடாதே சார்."

"எஞ்சின் ஓடினாத்தான் அது வண்டி. ஓடலைன்னா வெறும் அறை" என்றார் கடிகாரம். "ஏறுங்க. அந்தத் தங்கத்தை மட்டும் எடுத்துடுங்க."

கடையில் இருந்து நீள வயர் ஒன்று வரவழைத்தார்கள். பெட்டியைக் கழற்றி ரேடியோவின் கையில் கொடுத்தார்கள். அவள் தன் இருக்கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாக்கியமும் திரையில் வர வர, அவன் அவளைப் பார்த்துச் சொன்னான். அவள் அசையாமல் இருக்க வேண்டும். முடியவில்லை. ஒருமுறை சாவி குலுங்கியது. ஒருமுறை, "நேரா போ, நேரா... அட, சும்மா இரேன்டி!" என்று அவன் சீறியது அப்படியே பதிவாகிவிட்டது. திருத்த நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அவன் இறங்கிய பிறகு கடிகாரம் அந்த இருக்கையில் ஏறி, ஒவ்வொரு வாக்கியத்தையும் போட்டுக் கேட்டார். சட்டைக் கையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துச் சரிபார்த்தார். கடைசியில் ஒரே வார்த்தை சொன்னார்: "கிளம்புங்க."

ரேடியோ படிக்கட்டில் ஒரு காலை வைத்து ஏறி, ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தான். அதிசயமாக, பேச எதுவும் இல்லாதவன் மாதிரி நின்றான்.

"தண்ணி பாட்டில் வெச்சிருக்கேன்" என்றான் கடைசியில்.

"தெரியும். இறங்குங்க. உங்களுக்கு வேலை இல்லையா?"

ஊரைத் தாண்டும் வரை பெட்டி சரியாகப் பேசியது. என் பக்கம், என் பக்கம், உன் பக்கம். ஒவ்வொரு தடவையும் அவள் கை தானாகப் போயிற்று. ஒரு முனையில் அவன் குரலுக்குப் பின்னால் அவளுடைய சாவியே குலுங்கியது. ஒரு கணம் திடுக்கிட்டுச் சாவித் துவாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு நெடுஞ்சாலை வந்தது. வளைவில்லாத, முனையில்லாத, கண்ணுக்கெட்டும் வரை ஒரே கோடாகப் போகும் சாலை. பெட்டி வாயை மூடிக்கொண்டது. திரும்ப வேண்டியது இல்லையென்றால் அதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

இது அவள் நினைத்துப் பார்க்காத விஷயம். வழி சொல்வது அவன் பேச்சில் ஒரு ஓரம்தான். மிச்சமெல்லாம் முன்னால் போகும் வண்டிக்காரனின் மீசை, மேகத்தின் வடிவம், அத்தை மேல் பழைய கோபம், சட்டையில் அறுந்துபோன பொத்தான். அதையெல்லாம் யாரும் பதிவு செய்யச் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் பெல்ட்டின் கொக்கி மட்டும் வண்டியின் ஆட்டத்துக்கு டொக் டொக் என்று தட்டியது. அவள் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். தண்ணீர் குடித்தாள். பாட்டுப் போட்டாள், நிறுத்தினாள். காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கால் ஆக்சிலேட்டரில் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

"என்ன அவசரம்? யாரு துரத்துறா?" என்று அதட்டினான் ரேடியோ.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலை எடுத்தாள். வேகம் வரம்பைத் தாண்டினால் சொல்வதற்கு என்று ஒரு வாக்கியம் இருந்தது நினைவுக்கு வந்தது. வேகமானியின் முள் மெல்ல இறங்கியது. பெட்டி அடங்கியது. மறுபடி எஞ்சின் சத்தம், கொக்கியின் டொக் டொக்.

முன்னால் சாலை காலியாக இருந்தது. பின்னாலும் காலியாக இருக்கிறதா என்று கண்ணாடிகளில் பார்த்துக்கொண்டாள். அவன் பக்கக் கண்ணாடியில் ஒருதடவை, தன் பக்கக் கண்ணாடியில் ஒருதடவை.

பிறகு, முள் வரம்புக் கோட்டைத் தொட்டு ஒரு மயிரிழை தாண்டும் அளவுக்கு மட்டும், காலை மெதுவாக அழுத்தினாள்.